பாதை இல்லை என்று நிரூபித்தது யார்? குவாண்டம் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குவாண்டம் இயற்பியலுக்குப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், அதை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் புத்தகங்களில் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள்ளேயே ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: எலக்ட்ரானுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. சிலர் அதை நிச்சயமின்மைக் கொள்கைக்கு அடியில் வைக்கிறீர்கள், சிலர் இரட்டைப் பிளவுச் சோதனையை (எலக்ட்ரான்களை இரண்டு சின்னப் பிளவுகளை நோக்கி அனுப்பி, பின்னால் உள்ள திரையில் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது) விவரித்து முடித்த கையோடு சொல்கிறீர்கள், எங்கே வந்தாலும் தொனி ஒன்றுதான். இது சோதனையில் தெரிந்துவிட்ட உண்மை, இதற்கு மேல் கேட்காதே. என் கோரிக்கை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அப்படி இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

எலக்ட்ரான் நிஜமாகவே ஒரு பாதையில்தான் போகிறது என்று வாதாட நான் வரவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி வாதாடுகிறவர்கள் மீதும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே நான் கேட்பது மிகவும் சின்ன விஷயம்: பாதை இல்லாமலேயே கணக்குப் போட முடியும் என்பது வேறு, பாதை இருக்கவே முடியாது என்பது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவதை நீங்கள் முதலாவதின் பெயரில் மாணவர்களிடம் கடத்திவிடுகிறீர்கள்.

பாதை கிடையாது என்று சொன்ன அதே வாரத்தில் க்ளவுட் சேம்பர் என்ற மேக அறையின் படத்தையும் காட்டுவீர்கள். ஆல்ஃபா துகள்கள் நீராவிக்குள் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழும், பாதையே இல்லை என்றால் இந்தக் கோடு என்ன என்று. மிக நல்ல கேள்வி அது. ஹைசன்பெர்க்கே 1927-இல் நிச்சயமின்மைக் கொள்கைக்கு வந்து சேர்ந்தபோது இந்த மேக அறைக் கோட்டில்தான் முட்டிக்கொண்டு நின்றார். 1929-இல் நெவில் மாட் அதற்கு உருப்படியாக ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகளின் அலை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி உருண்டையாகப் பரவுகிறது, வழியில் வாயு அணுக்கள் இருக்கின்றன, துகளையும் அந்த அணுக்களையும் சேர்த்து ஒரே அலைச்சார்பாக (ஓர் அமைப்பின் நிலையைச் சொல்லும் கணித அலை) எழுதினால், இரண்டு அணுக்கள் ஒருசேர அயனியாவதற்கான நிகழ்தகவு அவை இரண்டும் அணுக்கருவோடு ஒரே நேர்கோட்டில் இருந்தால் மட்டுமே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வருகிறது. கோடு கிடைத்துவிட்டது, பாதை என்ற சொல்லே கணக்கில் இல்லை. அழகான வேலை. ஆனால் இது எதைக் காட்டுகிறது? பாதையை வைத்துக்கொள்ளாமலும் கோட்டை விளக்கலாம் என்பதை. பாதை இல்லை என்பதை மாட் காட்டவில்லை, காட்ட முயலவும் இல்லை. இந்த இடத்தில் அந்தக் கடைசி பெஞ்சு மாணவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பெரும்பாலும், "கணக்கைப் போடு, கேள்வி கேட்காதே" என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வீர்கள்.

சரி, பாதையை வைத்துக்கொண்டே கணக்கைப் போட முடியுமா? முடியும் என்று 1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐந்தாவது சால்வே மாநாட்டிலேயே லூயி டி பிராய் சொன்னார். அலையும் உண்டு, துகளும் உண்டு, அலை துகளை வழிநடத்துகிறது என்றார். அங்கிருந்த இயற்பியலாளர் பௌலி, துகள்கள் மோதும் ஒரு கணக்கை முன்வைத்துக் குறுக்கே கேட்டார், டி பிராயின் பதில் யாருக்கும் திருப்தியாகவில்லை, கொஞ்ச நாளில் அவரே அதைக் கைவிட்டுவிட்டு மற்றவர்களைப் போலப் பாடம் நடத்தப் போய்விட்டார். 25 வருடம் கழித்து டேவிட் போம் அதையே தானாகக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சாட்சி சொல்ல மறுத்ததால் கைதாகி, வழக்கில் விடுதலையான பிறகும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வேலையைப் புதுப்பிக்காமல் விட, பிரேசிலுக்குப் போன மனிதர். 1952 ஜனவரியில் வெளியான அவருடைய இரண்டு கட்டுரைகளில் பௌலியின் பழைய கேள்விக்கும் விடை இருந்தது. டி பிராய் விட்டுவைத்த ஓட்டை எதுவென்றால், அளக்கும் கருவியையும் அதே அலைச்சார்புக்குள் சேர்க்காததுதான். சேர்த்துவிட்டால் அலை தனித்தனிப் பொட்டலங்களாகப் பிரிகிறது, துகள் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் போய்ச் சேர்கிறது. கேள்வி முடிந்தது.

போமின் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிக் கருத்துச் சொல்கிற பலர் இதை ஒருமுறைகூட எழுதிப் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். அலைச்சார்பு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் ஒரு குறியைக்கூட மாற்றுவதில்லை. அலைச்சார்புக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு வீச்சும் (அலையின் பருமன்) ஒரு கட்டமும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) உண்டு. அந்தக் கட்டம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து, அதைக் குறுக்கிய பிளாங்க் மாறிலியால் பெருக்கி, நிறையால் வகுத்தால் வருவதுதான் அந்த இடத்தில் இருக்கும் துகளின் திசைவேகம். அவ்வளவுதான். இன்னும் எளிதாகச் சொன்னால், நிகழ்தகவு ஓட்டம் என்று ஒன்றை உங்கள் புத்தகத்திலேயே வருவித்துக் காட்டுகிறீர்கள் இல்லையா, அதை நிகழ்தகவு அடர்த்தியால் வகுத்தால் போதும். இரண்டும் ஏற்கெனவே உங்கள் பக்கத்தில் அச்சாகி இருக்கின்றன. வகுத்தல் ஒன்றுதான் பாக்கி! அந்த ஒரு வரி இவ்வளவு வருடமாக ஏன் சேரவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

உடனே நிச்சயமின்மைக் கொள்கை என்ன ஆயிற்று என்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. துகளுக்கு எந்தக் கணத்திலும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது எங்கே என்று நமக்குத் தெரிவது அலைச்சார்பின் வீச்சின் வர்க்கம் சொல்லும் அளவுக்கு மட்டுமே, அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை, ஒரு கணத்தில் அந்தப் பரவல் பொருந்திவிட்டால் எப்போதும் பொருந்தியே இருக்கும் என்று சமன்பாடே பார்த்துக்கொள்கிறது. ஆக அளவீட்டுப் புள்ளிவிவரம் எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுக்கிறதோடு அப்படியே ஒத்துப்போகும். நிச்சயமின்மை சொல்வது சிதறலைப் பற்றி. ஒரே மாதிரி தயாரித்த ஆயிரம் எலக்ட்ரான்களின் இடத்தையும் உந்தத்தையும் அளந்தால் இரண்டு சிதறலையும் சேர்த்து ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதுதான் அதன் உள்ளடக்கம். "ஆகவே பாதை இல்லை" என்பது நீங்கள் சேர்த்துக்கொண்ட வால்.

இரட்டைப் பிளவுக்கு வருவோம். டோனோமுராவும் ஹிட்டாச்சியில் அவரோடு இருந்தவர்களும் 1989-இல் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிக் குறுக்கீட்டுப் பட்டைகள் புள்ளி புள்ளியாக உருவாவதைப் படம் பிடித்தார்கள். இதைக் காட்டிவிட்டு, ஒவ்வோர் எலக்ட்ரானும் இரண்டு பிளவு வழியாகவும் போயிருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது என்று முடிப்பீர்கள். 1979-இல் ஃபிலிப்பிடிஸ், டியூட்னி, ஹைலி மூவரும் லண்டனில் போமின் விதியைக் கணினியில் கொடுத்து அதே சோதனைக்கு வரைந்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரே ஒரு பிளவு வழியாகத்தான் வருகிறது, அலை மட்டும் இரண்டின் வழியாகவும் வருகிறது. வெளியே வந்த பாதைகள் விசிறி மாதிரி விரிந்து, இடையிடையே சட்டென்று மடங்கி, வெளிச்சப் பட்டை வரவேண்டிய இடங்களில் கூட்டம் கூட்டமாகச் சேர்கின்றன. நடுக்கோட்டை ஒரு பாதைகூடத் தாண்டுவதில்லை. மேல் பிளவில் வந்தது மேல் பாதியில்தான் விழும், கீழ் பிளவில் வந்தது கீழேதான். ஒரு கணத்தில் ஓர் இடத்துக்கு ஒரே திசைவேகம்தான் என்பதால் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள முடியாது, அதன் நேரடி விளைவு இது. திரையில் கிடைக்கும் பட்டைகள் அச்சு அசலாக அதே பட்டைகள். "வேறு வழியே கிடையாது" என்ற வாக்கியத்துக்கு இந்த ஒரு படம் போதும்.

இந்தப் பாதைகள் நியூட்டனின் பாதைகள் மாதிரி இருக்கும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். போம் பழைய இயற்பியலைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்பட்டார் என்று எழுதுகிறவர்கள் ஐன்ஸ்டைன் எழுப்பிய ஆட்சேபத்தைப் படித்தாலே போதும். பெட்டிக்குள் அடைத்த துகளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் புத்தகத்தின் முதல் கணக்கு. ஆற்றல் நிலை எதுவானாலும் அலைச்சார்பு மெய்யெண், கட்டம் இடத்துக்கு இடம் மாறுவதில்லை, ஆகவே திசைவேகம் பூஜ்யம். எவ்வளவு பெரிய ஆற்றல் நிலையானாலும் துகள் அசையாமல் நிற்கிறது! இது என்ன கூத்து, பெரிய ஆற்றலில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்ப வேண்டாமா என்பது 1953-இல் அவர் எழுதிய குறை. போமின் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். உந்தத்தை எப்படி அளப்பாய்? சுவரை எடுத்துவிட்டு, துகள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பாய். சுவரை எடுத்த கணத்தில் அலை இரண்டு பொட்டலமாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது, நின்றுகொண்டிருந்த துகளும் ஏதாவது ஒன்றோடு வேகமெடுத்துப் போகிறது, அளந்தால் புத்தகம் சொல்லும் உந்தமே வருகிறது. அளவீடு என்பது முன்பே இருந்த எண்ணை எட்டிப் பார்ப்பது என்ற நினைப்பு இதில் தவிடுபொடியாகிறது. நீல்ஸ் போர் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தானே? அவர் பொதுவாகச் சொன்னதை இங்கே சுவரை எடுத்துக் கண்ணால் பார்க்கலாம்.

ஸ்டெர்ன்-கெர்லாக் சோதனையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கிடைமட்டத் திசையில் ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழல் பண்பு) அமைத்த ஒரு துகளை, மேலும் கீழுமாகப் பிரிக்கும் காந்தத்துக்குள் விடுகிறோம். அலை இரண்டாகப் பிரிகிறது. துகள் தொடக்கத்தில் கற்றையின் மேல் பாதியில் இருந்தால் மேலே போகும். சரி, அதே துகள், அதே தொடக்க இடம், காந்தத்தை மட்டும் தலைகீழாகத் திருப்புங்கள். துகள் இப்போதும் மேலேதான் போகும், வெட்டிக்கொள்ளாத பாதைகள் என்பதால் வேறு வழியில்லை. ஆனால் காந்தம் திரும்பிவிட்டதால் மேலே போனதற்குப் பெயர் இப்போது கீழ் ஸ்பின். ஒரே துகள், ஒரே தொடக்கம், கருவியை வைத்த விதத்தில் விடை மாறிவிட்டது. ஸ்பின் என்று ஒரு எண் துகளுக்குள் ஒளிந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். அளக்கும் விதத்தால் மாறாத மதிப்புகளை எல்லா அளவுகளுக்கும் முன்கூட்டியே கொடுத்துவைக்க முடியாது என்று 1967-இல் கோச்செனும் ஸ்பெக்கரும் நிரூபித்த தேற்றம் என்ன கேட்கிறதோ அது இங்கே கேட்காமலேயே கிடைக்கிறது. அந்தத் தேற்றத்தைப் போமுக்கு எதிராக மேற்கோள் காட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்கள் ஒரு சாயங்காலம் இந்தக் காந்தத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

அப்புறம் நிரூபணங்கள். ஜான் வான் நியூமன் 1932-இலேயே மறை மாறிகள் (அலைச்சார்பு சொல்லாத கூடுதல் விவரங்கள், போமின் துகள் இருக்கும் இடம் மாதிரி) சாத்தியமில்லை என்று நிரூபித்துவிட்டார் என்ற வரி இன்னும் உலவுகிறது. அவர் எடுத்துக்கொண்ட நிபந்தனைகளில் ஒன்று, இரண்டு அளவுகளின் கூட்டலுக்கு உள்ள மதிப்பு, தனித்தனி மதிப்புகளின் கூட்டலாக ஒவ்வொரு துகளிலும் இருக்க வேண்டும் என்பது. சராசரிக்கு அது சரி. ஒவ்வொன்றுக்கும் சரியா? ஸ்பின்னை இடவலத் திசையில் அளந்தால் கூட்டல் 1 அல்லது கழித்தல் 1, முன்பின் திசையில் அளந்தாலும் அதே. இரண்டையும் கூட்டி வரும் அளவை அளந்தால் கிடைப்பது 2-இன் வர்க்கமூலம், கூட்டலாகவோ கழித்தலாகவோ. ஒன்றையும் ஒன்றையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 1.414 வராது. நிபந்தனை தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டது. இதை 1935-இலேயே கிரேட்டே ஹெர்மன் சுட்டிக்காட்டினார், பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1966-இல் ஜான் பெல் தனியாகவே இதே இடத்தைத் தொட்டார். அவரை இந்தத் தேடலில் இறக்கியதே, முடியாது என்று சொல்லப்பட்டதை 1952-இல் போம் செய்து காட்டியிருந்ததுதான்.

பெல் என்றதும் அவருடைய தேற்றத்தை எடுப்பீர்கள், 2022-இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் கிடைத்த நோபல் பரிசையும் எடுப்பீர்கள். செய்திகளிலும் அப்போது "மறை மாறிகள் பொய் என்று நிரூபணம்" என்றுதான் வந்தது. நிரூபணமானது, தொலைவில் நடப்பது இங்கே உடனடியாக எந்த விளைவும் தராது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட மறை மாறிகள் நடக்காது என்பது. போமின் கொள்கை அந்த நிபந்தனையை வெளிப்படையாகவே மீறுகிறது. பிணைந்த, அதாவது தனித்தனியாகப் பிரிக்க முடியாத ஒரே அலைச்சார்பைப் பகிரும் இரண்டு துகள்களில் ஒன்றின் திசைவேகம் மற்றது இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, சமன்பாட்டில் கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெல், இந்த அவலட்சணம் போமுக்கு மட்டும் உரியதா அல்லது எந்தக் கொள்கையும் தப்ப முடியாததா என்று கேட்டார், 1964-இன் தேற்றம் அந்தக் கேள்விக்கு விடை. போம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே இந்த வடிவத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம். பிள்ளையைக் காட்டித் தாயை மலடி என்கிறீர்கள்.

இனி அந்தப் பக்கத்துக் கணக்கையும் எடுக்க வேண்டும். விலை இல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை. இந்தக் கணத்தில் என்று மேலே எழுதினேனே, யாருடைய கணம்? சார்பியலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கணம் கிடையாது. பாதைக் கொள்கையைச் சார்பியலோடு சேர்க்க முயன்றவர்கள் பெரும்பாலும் ஒரு சிறப்புக் காலப் பிரிவை, அதாவது எல்லோருக்கும் பொதுவான ஓர் "இப்போது"வை, எங்கோ ஒளித்துவைக்க வேண்டியதாகிறது. சோதனையில் அது தலைகாட்டாது என்பது உண்மை, ஆனாலும் நெருடுகிறது. துகள்கள் தோன்றி மறையும் புலக் கோட்பாட்டுக்கு மாதிரிகள் உண்டு, 1952-இன் எளிமை அவற்றில் இல்லை. அலை துகளைத் தள்ளுகிறது, துகள் அலையைத் திருப்பித் தள்ளுவதில்லை. துகள் இல்லாத காலி அலைப் பொட்டலங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பல துகள் என்றால் அலை நாம் நடமாடும் வெளியில் இல்லை, இரண்டு துகளுக்கு ஆறு பரிமாணம், மூன்றுக்கு ஒன்பது என்று ஏறிக்கொண்டே போகும் வெளியில் இருக்கிறது. இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லி, அதனால் எனக்கு இது பிடிக்கவில்லை என்று முடித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல் எனக்கு வேறு ஒன்று. போமின் பாதைகள்தான் ஒரே பாதைகள் என்று இல்லை. 1966-இல் எட்வர்ட் நெல்சன், துகள் நீரில் மிதக்கும் மகரந்தத் துணுக்கு மாதிரி இடைவிடாமல் நடுங்கிக்கொண்டே போகிறது என்று வைத்து அதே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வருவித்தார். ஹைட்ரஜனின் தாழ்நிலையில் எலக்ட்ரான் அசையாமல் நிற்கிறது என்கிறார் போம், ஒரு கணமும் நிற்பதில்லை என்கிறார் நெல்சன். சோதனை முடிவுகள் இருவருக்கும் ஒன்றே. நடுக்கம் இல்லாத பாதைகளிலேயே போமின் விதியை மாற்றி, புள்ளிவிவரம் கெடாமல் வேறு விதி எழுதவும் முடியும் என்று 1998-இல் தெயோட்டோவும் கிரார்டியும் காட்டினார்கள். போமின் விதி எளியது, சமச்சீருக்குப் பொருந்துவது, அதனால் அதையே எடுப்போம் என்பது ஒரு வாதம்தான், ஆனால் அது சோதனை சொன்ன வாதம் இல்லை. பாதை உண்டு என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன், மேலே சொன்ன சார்பியல் கேள்வியைவிட இது எனக்கு உறைக்கிறது.

அதனால்தான் பாதை அன்பர்களிடம் வருத்தம் என்றேன். 2011-இல் டொராண்டோவில் ஸ்டைன்பெர்க்கின் குழு ஒற்றை ஃபோட்டான்களை இரட்டைப் பிளவில் அனுப்பி, ஒரு மெல்லிய கால்சைட் படிகத் துண்டால் அவற்றின் உந்தத்தை மிக மென்மையாக அளந்து, பிறகு கேமராவில் இடத்தை அளந்து, பல தளங்களில் இப்படிச் செய்து, சராசரிப் பாதைகளை வரைந்தது. 1979-இன் கணினிப் படத்தோடு பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உடனே, "போமின் பாதைகளைப் பார்த்துவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் குதித்தது. மென்மையான அளவீடு ஒவ்வொரு ஃபோட்டானைப் பற்றியும் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது, பல்லாயிரம் ஃபோட்டான்களின் சராசரிதான் அந்தப் படம், அந்தச் சராசரி போமின் திசைவேகமாகவே வரும் என்பதை வைஸ்மன் 2007-இலேயே வழக்கமான குவாண்டம் கணக்கிலிருந்து காட்டியிருந்தார். நெல்சன் சொன்னது உண்மையாக இருந்தாலும் படம் இதேதான். அருமையான சோதனை, பாதை உண்டு என்பதற்கு ஆதாரம் மட்டும் இல்லை.

எண்ணெய்த் துளி விஷயமும் அப்படியே. 2005, 2006-இல் பாரிஸில் கூடேயும் ஃபோர்ட்டும் அதிரும் எண்ணெய்ப் பரப்பில் துள்ளிக்கொண்டே நடக்கும் துளிகளைக் காட்டினார்கள், தானே எழுப்பிய அலை தன்னை வழிநடத்த, பார்க்கப் பரவசமாக இருக்கும். இரட்டைப் பிளவில் துளிகள் குறுக்கீட்டுப் பட்டை காட்டின என்ற செய்தி பின்னால் டென்மார்க்கிலும் எம்ஐடியிலும் திரும்பச் செய்து பார்த்தபோது நிலைக்கவில்லை. அந்த அலை நம் கண்முன் இருக்கும் பரப்பில் ஓடுகிறது, ஆறு பரிமாண வெளியில் ஓடவில்லை, ஆகவே பிணைந்த துகள்களை அது காட்டவும் முடியாது. வகுப்பில் காணொளியைப் போடுங்கள், அலையும் துகளும் சேர்ந்து ஓட முடியும் என்பதற்கு மட்டும் போடுங்கள்.

நேர்மாறாக, பாதைகளைக் கேலி செய்யப் பயன்படுத்தப்பட்ட ஒரு வாதத்தின் கதையும் உண்டு. 1992-இல் எங்கிளர்ட், ஸ்கல்லி, சுஸ்மன், வால்தர் நால்வரும் ஓர் அமைப்பைக் காட்டினார்கள்: போமின் பாதை ஒரு பிளவு வழியாகப் போகிறது, எந்த வழி என்று கண்டறியும் கருவியோ மற்ற பிளவில் பதிகிறது. இவை கனவுலகப் பாதைகள் என்று முடித்தார்கள். 2016-இல் அதே டொராண்டோ குழு பிணைந்த ஃபோட்டான்களை வைத்து இதை நடத்திப் பார்த்தது. கருவியாக இருந்த ஃபோட்டானின் நிலையே, மற்ற ஃபோட்டான் போய்க்கொண்டிருக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே வந்தது. கருவி காட்டுவதை அப்படியே நம்பினால்தான் முரண்பாடு, தொலை விளைவைக் கணக்கில் சேர்த்தால் முரண்பாடு இல்லை. இதுவும் நிரூபணம் இல்லை. கேலிக்குப் பதில், அவ்வளவே.

இன்னொரு விண்ணப்பம், பாதை என்ற ஒரே சொல்லை மூன்று நான்கு விஷயங்களுக்குப் போட்டுக் குழப்பாதீர்கள். ஃபைன்மன் 1948-இல் எல்லாப் பாதைகளையும் கூட்டினார், அவற்றில் எதிலும் துகள் போவதாக அவர் சொல்லவில்லை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சிக்கலெண், கூட்டிய பிறகே பொருள். டலிபார், காஸ்டின், மோல்மர் 1992-இல் முன்வைத்த முறையிலும், யேல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் குவாண்டம் தாவலை நடுவழியில் பிடித்தார்களே அந்தச் சோதனையிலும் தடம் என்பது இடத்தில் ஓடும் தடம் இல்லை, தொடர்ந்து கண்காணிக்கப்படும் ஓர் அமைப்பின் நிலை எப்படி மாறி வருகிறது என்பதன் வரலாறு. மாணவர்கள் இதையெல்லாம் ஒன்றாகக் குழைத்து, ஃபைன்மன் போமைத் தோற்கடித்தார் என்று எழுதுகிறார்கள், தாவலைப் பிடித்ததால் போம் ஜெயித்தார் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சம்பந்தமே இல்லாத பேச்சு.

இதனால் பைசா பிரயோஜனம் உண்டா என்பீர்கள். வேதியியல்காரர்களைக் கேளுங்கள். 1999-இலிருந்து ராபர்ட் வயாட்டும் மற்றவர்களும் போமின் பாதைகளையே கணக்கிடும் புள்ளிகளின் வலையாக வைத்து அலைப் பொட்டலங்களை நகர்த்தி வருகிறார்கள், அலை எங்கே போகிறதோ புள்ளிகளும் அங்கேயே போவதால் வெற்றிடத்தில் கணக்கை வீணடிக்க வேண்டியதில்லை. தத்துவத்தைப் பற்றி அவர்களில் பலருக்குக் கவலையே கிடையாது. தொல்லையும் உண்டு, அலையின் வீச்சு பூஜ்யத்தைத் தொடும் இடங்களுக்கு அருகில் குவாண்டம் நிலையாற்றல் (அலையின் வீச்சு வளையும் விதத்திலிருந்து போமின் கணக்கில் வரும் கூடுதல் ஆற்றல்) எகிறி, கணினி மூச்சுத் திணறும். ஆனால் தடையைத் துளைத்துப் போகும் சுரங்க விளைவை இதில் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஒரே பரிமாணத்தில் பாதைகள் வெட்டிக்கொள்ளாததால், பொட்டலத்தின் முன்வரிசையில் இருப்பவை தடையைத் தாண்டிவிடுகின்றன, பின்வரிசை திரும்பி வருகிறது. தாண்டியதா இல்லையா என்பது பகடை இல்லை, வரிசையில் எங்கே நின்றாய் என்பதுதான். தடைக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்விக்கு வழக்கமான பாடத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல விடைகள் உலவுகின்றன, இங்கே கடிகாரத்தைப் பார்த்தால் போதும். அந்த விடையைச் சோதனையில் பிடிக்க முடியுமா என்பது தனிச் சண்டை.

முழு அத்தியாயம் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை, "வழக்கமான கணக்குக்குப் பாதை தேவையில்லை, பாதையை வைத்துக்கொண்டும் அதே முடிவுகளைப் பெறும் கொள்கைகள் உண்டு" என்று மாற்றுங்கள். வான் நியூமன் வரியை எடுத்துவிடுங்கள். பெல் தேற்றத்துக்கு முன்னால் தொலை விளைவு பற்றிய அந்த நிபந்தனையை விடாமல் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரே ஒரு பயிற்சிக் கணக்கு, அதையும் நானே தருகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

அசையாமல் இருக்கும் மணி வடிவ அலைப் பொட்டலம், அகலம் (இடத்தின் திட்ட விலக்கம்) 1 நானோமீட்டர், உள்ளே ஒரு எலக்ட்ரான், வெளி விசை எதுவும் இல்லை. பொட்டலம் விரிவதை நீங்கள் ஏற்கெனவே வருவித்திருப்பீர்கள். முதல் பகுதி: போமின் விதிப்படி பாதையைக் கண்டுபிடி. விடை ஒரு வரியில் வரும், ஒவ்வொரு பாதையும் பொட்டலத்தின் அகலம் எந்த விகிதத்தில் பெருகுகிறதோ அதே விகிதத்தில் நடுவிலிருந்து விலகும். சரியாக நடுவில் இருப்பது என்றைக்கும் அங்கேயே இருக்கும். 1 நானோமீட்டர் வலப்பக்கம் தொடங்கியது சும்மா நின்ற நிலையிலிருந்து கிளம்பி, சுமார் 17 ஃபெம்டோ விநாடியில் 1.41 நானோமீட்டரில் இருக்கும், கடைசியில் விநாடிக்கு ஏறக்குறைய 58 கிலோமீட்டர் வேகத்தில் நிலைப்படும். விசையே இல்லாமல் வேகம் எங்கிருந்து வந்தது என்று மாணவர் முழிப்பார், அது நல்லதுதான். இரண்டாம் பகுதி: ஆயிரம் பாதைகளைத் தொடக்கப் பரவலின்படி தூவி, பின்னொரு நேரத்தில் அவற்றின் சிதறல் புத்தகத்தில் உள்ள அகலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார். மூன்றாம் பகுதி: இதையே நெல்சனின் நடுங்கும் பாதைகளால் செய், பாதைகள் வேறு, சிதறல் அதுவே என்று காட்டு, இரண்டில் எது சரி என்று எந்தச் சோதனை சொல்லும் என எழுது. மூன்றாம் பகுதிக்கு மதிப்பெண் போடுவது உங்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களை இன்னமும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்